பச்சைத் தண்ணீர்

மே மாதம், தடைக்காலம்.
படகுகள் கரையேறிக் கிடக்கிற நாட்களில்தான்
கீழக்கரைக்கு ஆட்கள் பல்லைக் காட்ட வருகிறார்கள்.
எனக்கு வேண்டியவை இருநூறு தாடைகள்.
நூற்றுப் பதினாறு சேர்ந்துவிட்டன.

படத்தில் பல் பல்லைப் போல இருக்காது.
வேரைக் கீரைத்தண்டாகக் குறுக்கே அரிந்து
கால் மில்லிமீட்டருக்கு ஒரு வில்லை என்று
திரையில் தள்ளிக்கொண்டே போவேன்.
சாம்பல் வளையம். நடுவில் ஒரு கறுப்பு.
நரம்பு போகிற வழி அது.
சிலருக்குக் கடுகு. சிலருக்கு வெள்ளரி விதை.
வாலிநோக்கத்து உப்பளக்காரர் ஒருவருக்கு
இரண்டு வழியும் ஒன்றாகி வளைந்திருந்தது.
"மூணாம் பிறை" என்றார் மெஷின் பார்க்கும் சாகுல்.
நான் அட்டவணையில் வேறு பெயர் எழுதினேன்.

மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வழி என்று
படம் போட்டிருந்தது நான் படித்த பாடப்புத்தகம்.
நான்காவது அடிக்குறிப்பில் இருந்தது.
அந்த அடிக்குறிப்பு
இந்தக் கரையில் எத்தனை பேர் வாயில் இருக்கிறது
என்று எண்ணுவதுதான் இப்போது என் ஆய்வு.

நூற்றுப் பதினேழு: ராக்கு, வயது நாற்பத்தொன்று,
சின்ன ஏர்வாடி, பாசி எடுப்பவள்.
தோடு, மூக்குத்தி, தாலியில் கோத்த ஏழு ஊக்குகள்
எல்லாவற்றையும் எண்ணி எவர்சில்வர் தட்டில் வைத்தாள்.
மெஷினின் கை தலையைச் சுற்றப் பதினான்கு விநாடி.
அசைய வேண்டாம், மூச்சு மட்டும் விடுங்கள் என்றேன்.
அவள் மூச்சையும் அடக்கினாள்.
கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் முட்டியது.

படம் துல்லியம். ஒரு நடுக்கம் இல்லை.
வலது மேல் கடைவாயில் மட்டும்
உலோகத் தொப்பி வெள்ளை வெள்ளையாகக் கோடு வீசியது.
அந்தத் தொப்பி நான் வைத்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால்
மூன்று வழியையும் சுத்தம் செய்து அடைத்தேன்.
மறுமாதம் வந்தாள்.
"பச்சத்தண்ணி பட்டா இன்னமும் சுருக்குங்குது."
நரம்பையே எடுத்தாச்சு, எதும்மா கூசும் என்றேன்.
எதிலோ பிழையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.
மாத்திரை எழுதினேன்.
பிறகு அவள் வரவில்லை.
நன்றாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

தொப்பியின் கோடுகளைத் தாண்டி
வில்லை வில்லையாக வேருக்குள் இறங்கினேன்.
மூன்று வெள்ளைப் புள்ளிகள், என் அடைப்பு.
முதல் புள்ளியிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே
யாரும் தொடாத ஒரு கறுப்பு.
சாகுல் எட்டிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
இது நான் விட்டது என்றேன்.
"தேடலையே" என்று சொல்ல வந்தது வாயில் நின்றுவிட்டது.
அவள் புள்ளியின் மேல் விரலை வைத்தாள்;
பாறை கீறிய, துணி சுற்றிச் சுற்றி வெளுத்த விரல்.
"பாருக்கு நடுவுல இப்படித்தாங்க.
கண்ணுக்குத் தெரியாது.
காலுல சில்லுன்னு படும், அங்கன ஒரு சந்து இருக்கும்."
கொஞ்சம் பொறுத்து,
"நாலாவதுக்குக் காசு தனியா?"

இல்லை.

"அப்பத் தடை முடியறதுக்குள்ள முடிச்சு விட்டுருங்க."

ஏற்கெனவே சிகிச்சை செய்த பல் ஆய்வில் சேராது.
விதியை எழுதியதும் நான்தான்.
வலது: நீக்கம்.
இடது: நான்கு.
நீக்கம் என்றால் ஏன் என்று எழுத ஒரு கட்டம் உண்டு.
யார் செய்தது என்பதற்குக் கட்டம் இல்லை.

சாகுல் மண்பானையில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.
ஊக்குகளை ஒவ்வொன்றாக மாட்டி முடித்துவிட்டு வாங்கினாள்.
தலையை லேசாகச் சாய்த்து,
யோசிக்காமல்,
இடது பக்கமாகவே குடித்தாள்.